டப்பாத் தக்காளி, வறுகடலை, பாவாயி

செவ்வாயில் ஓரிடம் ஊரா, வேலை முகாமா என்பதைத் தீர்மானிப்பது அங்கே இருப்பவர்களின் ரத்தம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமல், சாப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு தொண்ணூறு நாள் ரத்த அளவைத் தக்கவைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் ஊர். குடும்பத்தை வரவழைக்கலாம், பிள்ளை பெறலாம், சாகும்வரை இருக்கலாம். காட்டாவிட்டால் நான்கு வருட ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மாத்திரையில் ஓடுகிற இடம் ஆஸ்பத்திரி, ஊர் இல்லை என்று சட்டம் எழுதியவர்கள் சொன்னார்களாம். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை.

என் பெயர் இசக்கியம்மாள். கயத்தாற்றுக்காரி. எட்டாம் முகாமுக்கு உணவுச் சோதனையாளராக வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் வேலைக்குத் துணை செரிமானி என்ற கருவி. அரிசி மணி அளவுதான் இருக்கும். முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவோம். ஓர் உணவில் என்ன சத்து இருக்கிறது என்று டப்பாவில் ஒட்டிய காகிதம் சொல்லும். அதில் எவ்வளவு உங்கள் ரத்தத்துக்கு வந்து சேர்ந்தது என்று செரிமானி சொல்லும். நான் கீரையாய்த் தின்கிறேன் என்று பெருமையடித்தவர்கள் பலர் செரிமானி வந்த பிறகு வாயைத் திறப்பதில்லை. அது பொய் சொல்லாது. நானும் சொல்லமாட்டேன் என்று அப்போது கொஞ்சம் அதிகமாகவே மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

முகாமில் தொண்ணூற்றாறு பேர். இங்கேயே விளைகிற பாசி மாவில் செய்த சோறு எல்லோருக்கும் உண்டு. வயிறு நிறையும், அவ்வளவுதான். மீதிச் சத்துக்குப் பூமியிலிருந்து இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கப்பல்தான் கதி. தக்காளி, கேரட் என்று டப்பாவில் அடைத்த காய்கறி உறைந்தால் வெடித்துவிடும், அதற்குச் சூடான அறை வேண்டும். வறுத்த கடலை, பட்டாணிக்கு எந்த மூலையும் போதும். இரண்டு வகை ஏற்பாடு செய்ய முடியாது, ஏதாவது ஒன்றைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள் என்று பூமியிலிருந்த தேர்வுக்குழு சொல்லிவிட்டது. அந்தச் சோதனையே ஊர்ச் சான்றுக்கான சோதனையும் ஆகும்.

"ஏ தங்கச்சி, இதுல சோதிக்க என்ன கெடக்கு?" என்றார் அந்தோணிசாமி. சமையல்கூடத்தின் தலைவர், தூத்துக்குடிக்காரர், முகாம் முழுவதற்கும் அண்ணாச்சி. "டப்பாவத் தூக்கிப் பாரு. முக்காவாசி தண்ணி. தண்ணியத்தான் நம்ம பாவாயி இங்கயே தோண்டி எடுக்காளே. கடலைன்னா காஞ்ச சரக்கு, சுமை கொறவு."

"கடலைல புரதம் இருக்கு, இரும்பு இருக்கு, ஒத்துக்கிடுதேன். அந்த இரும்ப உடம்பு வாங்கணும்லா அண்ணாச்சி? கடலை லேசுல விட்டுக் குடுக்காது. கெட்டியாப் பிடிச்சு வச்சுக்கிடும்."

"அப்பம் டப்பாக் காய்கறி?"

"அடைக்கும்போது வேக வைக்கதுல வைட்டமின் சி பாதி போயிரும். மிச்சம் பாதி இருக்கும். கேரட்ல கண்ணுக்கு வேண்டியது அப்படியே இருக்கும். ஆனா புரதமும் இரும்பும் பேருக்குத்தான். உப்பு வேற கூட."

"ரெண்டும் நொட்டை, ஒண்ணும் முழுசாத் தேறாதுங்குத."

"எது கொறைஞ்ச நொட்டைன்னுதான் பாக்கப் போறோம்."

எண்பது பேர் முன்வந்தார்கள். நாற்பது பேருக்கு டப்பா, நாற்பது பேருக்கு வறுகடலை. எல்லோரையும் நிற்க வைத்து உறுதிமொழி வாங்கினேன். எனக்குத் தரப்பட்டதைத் தவிர வேறு உணவு உண்ணமாட்டேன் என்று கையெழுத்து. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தாள், அதில் ஒரே கேள்வி: இன்று வேறு உணவு உண்டீர்களா? செரிமானியின் முழு விவரமும் தொண்ணூறாம் நாள்வரை பூட்டியிருக்கும். எனக்குத் தெரிவது ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் எண், ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின். பெண்களுக்குப் பதினொன்று, ஆண்களுக்குப் பன்னிரண்டரை. அதுதான் கோடு. அதற்குக் கீழே போனவர் இந்த மண்ணுக்குத் தகுதியற்றவர் என்று பொருள். அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்படுவார். மறுபடி ஒப்பந்தம் கிடையாது. பயமாக இருந்தால் எண்பதாம் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் படித்துக் காட்டினேன்.

கடலை அணியில் முதல் கையெழுத்து பாவாயியுடையது. திருச்செங்கோட்டுக்காரர், நாற்பத்தொரு வயது, துளையிடும் எந்திரத்தின் ஓட்டுநர். பூமியில் ஆயிரத்தைநூறு அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுப் புழுதியை மட்டும் பார்த்த கை, இங்கே அறுபத்துமூன்றாம் மீட்டரில் பனிக்கட்டியைத் தொட்டது. இன்றைக்கு நாங்கள் குடிக்கிற தண்ணீர் அந்தத் துளையிலிருந்து வருவது. ஊர்ச் சான்று கிடைத்தால் நிரந்தரமாக இருக்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள் என்றபோதும் முதல் பெயர் அவருடையதே. பூமியில் அவருக்கென்று ஆளில்லை. இங்கே அவர் போட்ட துளை இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

முதல் நாற்பது நாள் இரண்டு அணிக்கும் எண்கள் இறங்கின. இந்தக் கோளில் ரத்தம் சற்று வேகமாகவே கரையும். அதை ஈடுகட்ட டப்பாவாலும் முடியவில்லை, கடலையாலும் முடியவில்லை. நான் தூக்கம் கெட்டு அலைந்தேன். தொண்ணூற்றாறு பேரின் ஊர் என் தாளில் தேய்ந்துகொண்டிருந்தது. ஐம்பதாம் நாள்வாக்கில் இறக்கம் நின்றது. அறுபதாம் நாளில் ஏறத் தொடங்கியது. இரண்டு அணியும் சேர்ந்தாற்போல ஏறின. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சோதனை ஜெயிக்கும்போது காரணம் தேடுகிற நல்ல புத்தி யாருக்கு வருகிறது?

இரண்டு பேர் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் டப்பா அணியில் செல்லத்துரை, மின்வேலை பார்ப்பவர். இன்னொருவர் பாவாயி.

எழுபதாம் நாள் அவரைத் துளைமேடையில் போய்ப் பிடித்தேன். பத்துப் படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, பதினொண்ணரைக்கு வந்துட்டீய. மத்த எல்லாருக்கும் ஏறுது, ஒங்களுக்கு மட்டும் ஏன் எறங்குதுன்னு தெரியல. வெலகிருங்கக்கா. ஒரு கையெழுத்துதான்."

"இன்னும் இருவது நாளுதானுங்க அம்மிணி."

"இருவது நாள்ல கோட்டுக்குக் கீழ போயிட்டா கப்பல் ஏத்திருவாவ. வெளையாட்டா நெனைக்காதீய."

"ஏனுங்க, நான் வெளையாடற மாதிரியா இருக்குது?" என்று சிரித்தார். "போயி உங்க சோலியப் பாருங்க. என்ற ஒடம்ப நான் பாத்துக்கறன்."

பிடிவாதக்காரி என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். எண்பதாம் நாளும் போனது. அவர் விலகவில்லை.

தொண்ணூறாம் நாள் காலை செரிமானியின் பூட்டைத் திறந்தேன். பாவாயியின் எண் பத்து புள்ளி எட்டு. மனது உடைந்துபோய்த்தான் மற்றவர்களின் விவரத்தைப் பிரித்தேன். பிரித்ததும் உடைந்த மனது கொதிக்கத் தொடங்கியது. டப்பா அணியின் ரத்தத்தில் கடலை. கடலை அணியின் ரத்தத்தில் தக்காளி. எழுபத்தெட்டு பேரும் நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து கலந்து தின்றிருக்கிறார்கள். என் மேசையில் ஏழாயிரத்து இருநூறு தாள்கள். ஒவ்வொன்றிலும் 'இல்லை' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சமையல்கூடத்துக்குப் போய் ஒரு கத்து கத்தினேன். "பொய்க் கையெழுத்துப் போட ஒங்களுக்கு எல்லாம் கை கூசலையா அண்ணாச்சி?"

அந்தோணிசாமி நிஜமாகவே திகைத்துப்போனார். "ஆரு பொய் சொன்னது? நீ என்ன கேட்ட? வேற உணவு உண்டீயளான்னு கேட்ட. நாங்க உண்ணலியே."

"கடலை தின்னிருக்கீய! தெனம் ஒரு கை அளவு!"

"அது கொறிக்கது தங்கச்சி! வேல செய்யும்போது சும்மா ரெண்ட வாயில போடுறது சாப்பாடா? பக்கத்துல இருக்கவன் பைய நீட்டுவான், வேண்டாம்னா மனசு சங்கடப்படுவான்."

"தக்காளி?"

"அது தொட்டுக்கிட்டது. வெறும் சோறும் கடலையும் எப்படி எறங்கும்? பக்கத்துத் தட்டுல இருந்து ஒரு கரண்டி வழிச்சிப் போட்டுக்கிட்டாவ. ஒரு மனுசனப் பக்கத்துல வச்சிக்கிட்டு அவனுக்குக் குடுக்காம எப்படித் தின்ன?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் முகத்தில்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே? என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், அரைப்படிக் கடலையைக் கொறித்து முடித்தவர்கூட இன்னும் எதுவும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்வார். கேள்வியைத் தப்பாகக் கேட்டவள் நான். படித்த படிப்பு மொத்தமும் இந்த இடத்தில் கவிழ்ந்தது.

"செல்லத்துரை அண்ணன் மட்டும் யோக்கியமோ?" என்று கேட்டேன்.

செல்லத்துரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "கடவாப் பல்லு பொளந்துட்டு தாயி. கடலையக் கடிச்சா உசுரு போவுது. எனக்கும் ஆசைதான்." அவர் எண் பதின்மூன்று. உடம்பில் சதை வற்றியிருந்ததே தவிர, கோட்டுக்கு மேலே பிழைத்துவிட்டார்.

அப்படியானால் பாவாயி? அவர் பல்லுக்கு என்ன கேடு? நேரே அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் கலந்து தின்னது ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாம என்னுங்க? மூணு வேளையும் என்ற மூஞ்சிக்கு முன்னால நீட்டுனாங்கல்ல."

"நீங்க ஏன் வாங்கல? கையெழுத்துப் போட்டுட்டோம்னா?"

"அதுக்கும்தான்." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மிணி, எங்கூர்ல ஒரு தோட்டத்துல நாலு போர் போட்டம்னா மூணுல மோட்டார் வெச்சு எறைப்போம். ஒண்ணத் தொட மாட்டோம். அதுல கயித்த உட்டுப் பாத்தாத்தான் தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும். நாலுலயும் எறைச்சுப்போட்டா ஒரு கணக்கும் நிக்காதுங்க. எல்லாரும் தக்காளியத் தொட்டுக்க ஆரம்பிச்சப்பவே அவங்களுக்குத் தெம்பு வாறதப் பாத்தன். சரி, இவங்களுக்கு ஏறப்போகுது. ஆனா கலந்து தின்னதுனாலதான் ஏறுச்சுன்னு நீங்க எப்புடிச் சொல்லுவீங்க? வெறுங்கடலையே தின்ன ஒருத்தி வேணுமில்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா!"

"சொன்னா நீங்க அன்னிக்கே சோதனைய நிறுத்தியிருப்பீங்க. மறுக்கா வெக்கறதுக்குள்ள பூமியில சரக்க ஏத்திக்கிட்டு கப்பல் கெளம்பியிருக்கும்."

சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அது எனக்கே தெரியும். என்னைவிட என் வேலை அவருக்குத் தெரிந்திருந்தது.

வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் கதவைச் சாத்தினேன். "அக்கா, பத்து எட்டுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். பதினொண்ணுன்னு போட்டுருதேன். ரெண்டு புள்ளிதான். ஒரு மாசம் கலந்து தின்னா நீங்களே ஏறிருவீய."

பாவாயிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "ரெண்டு புள்ளியத் திருத்துனீங்கன்னு தெரிஞ்சா மிச்சத்த ஆரு நம்புவாங்க? மூணு மாசம் நான் பட்டினி கெடந்தாப்பல கெடந்தது வீணாப் போறதுக்கா? உள்ளத உள்ளபடி எழுதோணும். எழுதுங்க."

எழுதினேன். உறுதிமொழி மீறப்பட்டது, கேள்வி தவறாகக் கேட்கப்பட்டது, தவறு என்னுடையது என்று தொடங்கினேன். பிறகு கணக்கு. வெறுங்கடலை தின்ற பாவாயியின் உடம்பு கடலையிலிருந்த இரும்பில் நூற்றுக்கு நான்கு பங்கை மட்டும் வாங்கியது. அதே கடலையைத் தக்காளியோடு தின்றவர்கள் பதினொரு பங்கு வாங்கினார்கள். தக்காளியில் மிஞ்சியிருந்த பாதி வைட்டமின் சி கடலையின் பிடியைத் தளர்த்தியிருக்கிறது. டப்பா மட்டும் தின்ற செல்லத்துரைக்கு நான்கு கிலோ சதை குறைந்தது. கடலை சேர்த்துக்கொண்டவர்களுக்குக் குறையவில்லை. எது உயர்ந்தது என்று கேட்டிருந்தீர்கள். தனித்தனியாக இரண்டுமே எங்களைக் காப்பாற்றாது. பாதிக்குப் பாதி அனுப்புங்கள், சூடான அறையும் பாதி அளவு போதும் என்று முடித்தேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. பாதிக்குப் பாதி ஏற்கப்பட்டது. ஊர்ச் சான்று வழங்கப்பட்டது. தொடாமல் விடப்பட்ட அந்த ஒருவரின் எண்கள் இல்லையென்றால் சோதனை செல்லாது என்று அறிவித்திருப்போம் என்றும் ஒரு வரி இருந்தது. உணவுக்கூடத்தில் அதை உரக்கப் படித்தேன். எல்லோரும் எழுந்து நின்று பாவாயியின் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்ட மனுஷி இருக்கிற இடத்தில் நானும் இருக்கிறேன் என்ற பெருமை.

அடுத்த வரியைப் படிக்காமல் விட்டேன். பின்னால் நோட்டீஸ் பலகையில் அவர்களே படித்துக்கொண்டார்கள். கோட்டுக்குக் கீழே போன பணியாளர் கப்பல் திரும்பும்போது அனுப்பப்பட வேண்டும். சான்று நடைமுறைக்கு வருவது கப்பல் கிளம்பிய மறுநாள். அதுவரை முகாம் விதிகளே செல்லும்.

கப்பல் வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் பாவாயி மற்றவர்களைப் போலக் கலந்து தின்றார், இன்னும் இரண்டு துளை போட்டார். அவர் கிளம்பிய காலையில் கடைசியாக ரத்தம் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி ஒன்பது. என்னைவிட அதிகம். அதை எழுதி அனுப்பினேன். கோடு ஒருமுறை தாண்டினால் தாண்டியதுதான் என்று பதில் வந்தது. ஏணியில் ஏறும்போது அவர் ஒருமுறையும் நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பி, "தண்ணிக் கொழாய்ல வாரத்துக்கு ஒருக்கா சல்லடையக் கழுவோணும், மறந்துபோடாதீங்க" என்றார். அழுதவர்கள் நாங்கள்தான்.

மறுநாள் நாங்கள் ஊரானோம். முதல் ஊர்க்கூட்டத்தில் ஊருக்குப் பெயர் வைப்பது, பள்ளிக்கூடம், மயானம் என்று பதினாறு விஷயம் பட்டியலில் இருந்தது. அந்தோணிசாமி எழுந்து நின்றார்.

"முகாமுக்குத்தான் கம்பெனி ஆள் எடுக்கும். ஊருக்கு ஆர் வரணும்னு ஊர்தான் சொல்லணும். சட்டம் அப்படித்தானே தங்கச்சி?"

சட்டப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முகாமின் மருத்துவக் கோடு ஊரைக் கட்டாது.

"அப்பம் மொதல் தீர்மானம். திருச்செங்கோட்டுப் பாவாயிய நம்ம ஊருக்குக் கூப்பிடுதோம்."

கையை உயர்த்தாதவர் ஒருவர்கூட இல்லை. கப்பல் இன்னும் எங்கள் தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தரைக்கு இறங்குகிற கலம்தான் திரும்ப வராது. அப்போதே செய்தி அனுப்பினோம். இரண்டு நிமிடத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"ஏனுங்க, நேத்தே சொல்லியிருந்தா எறங்கியிருப்பனில்ல?" உணவுக்கூடம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே தொடர்ந்தார். "கூப்புட்டதுக்கு ரொம்ப சந்தோசமுங்க. வந்தர்றன்."

அடுத்த கப்பலுக்கு இருபத்தாறு மாதம். அது வந்த அன்று இறங்குகிறவர்களின் தாள்களைச் சரிபார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் பன்னிரண்டாவதாக வந்தார். தலையில் நரை கூடியிருந்தது, மற்றபடி அதே ஆள். தாளை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். பேசியிருந்தால் வரிசை நகர்ந்திருக்காது. அலுவலகம் இன்னும் பழைய தாளையே கொடுத்துக்கொண்டிருந்தது. பெயர், ஒப்பந்த எண், வருகையின் நோக்கம். ஒப்பந்த எண்ணை அவர் அடித்துவிட்டிருந்தார். நோக்கத்துக்கு நேரே கட்டைவிரல் பருமனான எழுத்தில், "ஊட்டுக்கு வந்திருக்கறனுங்க" என்று எழுதியிருந்தார்.